கீழே வைத்த கல்

வானத்தில் பறக்கிற பாக்கியம் கிடைத்தால் மனுஷப் பிறவிக்கு வேறென்ன வேண்டும் என்று கேட்கிறவர்கள், கருப்பம்மாள் பறந்துவிட்டு வந்து இறங்கும் அழகை ஒரு தடவை பார்க்க வேண்டும். கண்மாய்க் கரையில் இறங்குவாள். இறங்கியதும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "ஆத்தாடி" என்று கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். பிறகு கருவேலமரத்தடியில் போட்டுவிட்டுப் போன இரும்புச் சட்டியை எடுத்துக்கொண்டு நூறு நாள் வேலைக்குப் போய்ச் சேர்ந்துகொள்வாள். வயது நாற்பத்தெட்டு. வலது முழங்காலில் தேய்மானம். சனிக்கிரகத்துக்கு அந்தப் பக்கம் போய்வந்த ஆள் செம்பட்டி வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். அவளைக் கேட்டால், செம்பட்டிக்குப் பஸ் ஏறிப் போய் வருவது இதைவிட எவ்வளவோ மேல் என்பாள்.

இந்தச் சனியன் அவளைப் பிடித்தது போன வைகாசியில். கண்மாயில் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஒரு போட்டோ, மதியம் இரண்டு மணிக்கு ஒரு போட்டோ. இரண்டிலும் முகம் விழுந்தால்தான் அன்றைக்கு வேலைக்கு வந்ததாகச் சேர்த்தி. போட்டோ எடுத்துப் போனில் ஏற்றுகிற பொறுப்பாளர் பக்கத்து ஊர் ஐரின். நல்ல பெண்தான், ஆனால் டவர் கிடைக்காவிட்டால் மாதாவை இழுத்துப் பேசுவாள். அன்றைக்குக் காலைப் போட்டோ முடிந்ததும் கருப்பம்மாள் தூக்குவாளியை நிழலில் வைக்கக் கருவேலப் புதருக்குள் போனாள். அங்கே ஒருவன் சாய்ந்து கிடந்தான்.

எங்கேயோ வண்டியில் அடிபட்டு வந்து விழுந்தவன் என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஆள் ஏழடிக்கு மேல் நீளம், சாம்பல் நிறம், விலாவில் இருந்த காயத்திலிருந்து ரத்தத்துக்குப் பதிலாக வெளிச்சம் ஒழுகிக்கொண்டிருந்தது. ஓடியிருக்கலாம். ஓடுகிற முழங்காலா அது? நின்றாள். அவன் வலது கையை நீட்டினான். உள்ளங்கையில் ஒரு கல் இருந்தது. வெள்ளையாக, முனைமுனையாக, பார்த்தால் அசல் கல்லுப்பு, என்ன, எலுமிச்சம்பழப் பருமன்.

"கீழ வையிங்க," என்றாள் கருப்பம்மாள்.

அவனுக்கு விளங்கவில்லை. கையை இன்னும் கொஞ்சம் நீட்டினான். உப்பைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வரும் என்பது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முன்பின் அறியாத, இன்னும் ஐந்து நிமிஷத்தில் சாகப்போகிற ஒருவனோடு அப்படி என்ன சண்டை வந்துவிடும் என்று அவள் யோசிக்கவில்லை. பழக்கம், அவ்வளவுதான். இரும்புச் சட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

"இதுல வையிங்கய்யா. கையில வாங்கக் கூடாது."

அவன் தலையை ஆட்டினான், முனகினான், கையை இவள் கைக்குக் கொண்டுவரப் பார்த்தான். இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். உயிர் போகிற நேரத்தில் எவ்வளவுதான் வாதாடுவான் பாவம். சட்டியில் வைத்தான், கண்ணை மூடினான். மூடிய மறு நொடி உடம்பு வெறும் வெளிச்சமாகிக் கருவேல இலைகளுக்கு நடுவே போய்விட்டது. கருப்பம்மாள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சட்டியிலிருந்து கல்லை எடுத்தாள்.

எடுத்ததும் அவளுக்குள் ஒரு குரல் பேசியது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் வாசிக்கிற மாதிரித் தமிழ்.

"நீ நூற்றுப் பதினெட்டாவது காவல். இந்தச் சூரியனும் இதைச் சுற்றுபவையும் இனி உன் பொறுப்பு."

"எம்புட்டு நாளைக்கு?"

"நீ வேறொருவருக்குக் கொடுக்கும் வரை. ஆனால் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. கொடுப்பவர் கையும் பெறுபவர் கையும் தொட வேண்டும். அந்தத் தொடுகையில்தான் பெறுபவரின் களைப்பும் பசியும் தூக்கமும் எரிந்து போகும். நூற்றுப் பதினேழு பேரும் அப்படித்தான் பெற்றார்கள். கீழே வைக்கச் சொன்னவள் நீ ஒருத்திதான். ஆகவே வலிமை உனக்கு வந்துவிட்டது. களைப்பும் உன்னோடே தங்கிவிட்டது."

"இப்பத் திருத்த முடியாதா?"

"கொடுத்தவர் இல்லையே," என்றது கல்.

இப்படியாக, தன் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பதினைந்து நாள் கழித்து முதல் வேலை வந்தது. வெளிச்சம் தின்கிற புழு ஒன்று சூரியனை அரிக்க வந்தது. திண்டுக்கல்லில் தலை என்றால் நத்தத்தில் வால், அந்த நீளம். கருப்பம்மாள் கத்தரிச் செடியில் புழுப் பொறுக்கி வளர்ந்தவள். தலைமாட்டில் இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்து, சுருட்டி, சூரியனுக்குள்ளேயே எறிந்துவிட்டு வந்தாள். வந்து இரண்டு நாள் தோளைத் தூக்க முடியவில்லை.

போகும்போது போட்டிருந்தது வேலைக்குப் போடுகிற அதே உடுப்புதான்: சேலைக்கு மேலே ஆம்பிளை முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. சட்டை அவள் புருஷன் சோலைமலையினுடையது. லாரிக்குப் போன மனுஷர். வாரம் ஒருமுறை வந்தவர் மாதம் ஒருமுறை வந்தார், பிறகு பொங்கலுக்கு மட்டும் வந்தார், பிறகு வரவில்லை. சாகவில்லை; வடக்கே எங்கேயோ ஓட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. சட்டை மட்டும் நல்ல துணி, கிழியாமல் கிடந்தது.

ஏதோ ஒரு நாட்டுச் செயற்கைக்கோள் எடுத்த மங்கல் படத்தில் அந்தச் சட்டை விழுந்துவிட்டது. அடுத்த நாள் எல்லாப் பேப்பரிலும் 'வானத்து வீரன்'. திண்டுக்கல் பஸ் நிலையத்துக்கு எதிரே பிளெக்ஸ் வைத்தார்கள். அகன்ற நெஞ்சு, கட்டம் போட்ட சட்டை, அரிவாள் மீசை. கருப்பம்மாள் பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, "மீச நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மகள் தோளில் சாய்ந்து தூங்கிப் போனாள்.

மகள் தீபாவுக்கு இருபத்திரண்டு வயது. திண்டுக்கல் காலேஜில் பிசிக்ஸ் படித்தாள். இப்போது செம்பட்டியில் ஜெராக்ஸ் கடையில் மற்றவர்களுக்கு ஆதார் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்கும் ஐரினுக்கும் மட்டும்தான் தெரியும். ஐரினிடம் மறைக்க வழியில்லை, போட்டோ இருக்கிறதே.

இரண்டாவது வேலை ஒரு பாறை. சிறுமலையைப் பெயர்த்து எடுத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு, நேரே பூமிக்கு வந்துகொண்டிருந்தது. காலைப் போட்டோ முடிந்ததும் கருப்பம்மாள் ஐரினிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"யக்கா, ரெண்டு மணிக்குள்ள வந்துருவீகளா? வரலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது. போன்ல டைம் தானா விழுகுது," என்றாள் ஐரின். சொல்லிவிட்டு, கண் கலங்கி, "பாத்துப் போங்கக்கா" என்றாள்.

கருப்பம்மாள் மேலே போய்ப் பாறையைத் தள்ளிப் பார்த்தாள், நகரவில்லை. முப்பது வருஷம் மண் சுமந்தவளுக்கு வேறென்ன தெரியும்? தலைத்துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து, பாறையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, சனிக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தாள். இரண்டு மணிக்கு நாலு நிமிஷம் இருந்தது. அந்தப் போட்டோவில் மற்ற பெண்களெல்லாம் நேரே பார்க்க, இவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்.

அன்று சாயங்காலம் தீபா அவள் முதுகில் தைலம் தேய்த்தாள்.

"யம்மா, அந்தக் கல்ல எங்கிட்டக் குடுத்துரு."

"இந்த அசதி உனக்கு எதுக்கு?"

"கையில குடுத்தா அசதியே வராதுல்ல. நீதான சொன்ன. பசிக்காது, தூக்கம் வராது, வலிக்காது. நான் அந்தக் கடையில ஆளுக ஆளுக பேர்ல எழுத்தத் திருத்திக்கிட்டு ஒக்காந்துருக்கேன். நான் போறேம்மா."

கருப்பம்மாள் ஐரினிடம் வாங்கிக்கொள்கிறாயா என்று ஒருதரம் கேட்டுப் பார்த்திருந்தாள். அவள் தனக்கு இந்தப் போன் ஒன்றே போதும் என்று கும்பிட்டுவிட்டாள். இனி ஒரு பாறை வந்தால் தன்னால் ஆகாது என்று கருப்பம்மாளுக்கே தெரியும். கொடுத்துவிட வேண்டியதுதான். முறையாகக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு ஒரு வலியும் இல்லை. தீபா சமைக்க எழுந்து போனதும் கல்லை மடியிலிருந்து எடுத்தாள்.

"அந்தச் சாம்ப நெறத்துக்காரரு, அவருக்கு வீடு வாசல் கெடையாதா?" என்று சும்மாதான் கேட்டாள்.

"இருந்தது. ஒரு மகனும் இருந்தான். முதலில் அடிக்கடி போவார். பசி இல்லை, தூக்கம் இல்லை, உடம்பு இளைப்பாறக் கேட்கவில்லை. போக வேண்டிய தேவை குறைந்தது. நாற்பது வருடத்தில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நானூறு வருடம் காவல் செய்தார். கடைசியில் எந்த நட்சத்திரம் தன்னுடையது என்று என்னிடம் கேட்டார்."

"மத்தவுக?"

"எல்லோரும் அப்படித்தான்."

கருப்பம்மாள் கல்லை மறுபடியும் மடியில் முடிந்துகொண்டு சுவரைப் பார்த்தபடி படுத்தாள். அடுக்களையில் தீபா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்து உட்காருவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் கல் பேசியது. தூக்கி வைத்த பாறைக்கு ஜோடி ஒன்று பின்னால் வந்துகொண்டிருக்கிறது. பொழுது சாய்வதற்குள் நிலக்கோட்டைக்கும் நத்தத்துக்கும் நடுவே விழும். விழுந்தால் நிலக்கோட்டையும் மிஞ்சாது, நத்தமும் மிஞ்சாது, அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற எதுவும் மிஞ்சாது.

தீபா அம்மாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். ஒன்றும் கேட்காமல் கொடியில் கிடந்த முழுக்கைச் சட்டையை எடுத்துச் சுடிதாருக்கு மேல் போட்டுக்கொண்டாள். துண்டைத் தலையில் கட்டினாள். அம்மாவுக்கு முன்னால் மண்டியிட்டுக் கையை நீட்டினாள்.

"கையின் மேல் கையை வை," என்றது கல். "இம்முறை பிழை வேண்டாம்."

கருப்பம்மாள் நீட்டிய கையைப் பார்த்தாள். விரலில் ஜெராக்ஸ் மை ஒட்டியிருந்தது. அதே கையை, பிள்ளை பிறந்ததும் நர்சு அவளிடம் காட்டிய அன்றைக்கு விரல்களை எண்ணிப் பார்த்தது ஞாபகம் வந்தது. கல்லை அந்தக் கைக்கு ஒரு ஜாண் தூரம் வரை கொண்டுபோனாள். பிறகு கீழே, தரையில் வைத்தாள்.

"என்னம்மா செய்யிற? கையில குடு."

"கீழ வச்சிருக்கேன். எடுத்துக்க."

"உனக்கென்ன கிறுக்கா? உன்ன மாதிரியே நானும் இடுப்பப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கணுமா?"

"ஆமா."

"யம்மா, வெளையாடாத. நேரமில்ல."

"அந்தாளுக்கு வலியே இல்ல, பசியே இல்ல. நானூறு வருசம் வீட்டுக்குப் போகல. பெத்த மகன மறந்துட்டாரு. எல்லாரும் அப்படித்தானாம். உனக்குக் காலு வலிக்கணும். பசிக்கணும். அப்பத்தான் வருவ."

பெற்ற பிள்ளைக்கு வலி வரட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள். தீபாவுக்கு ஆத்திரம். குனிந்து தரையிலிருந்து கல்லை எடுத்தாள். முகம் ஒரு நொடி வெளுத்தது, தோள் நிமிர்ந்தது.

"நான் போறேன்," என்றாள். வாசலைத் தாண்டினாள். அவ்வளவுதான், முற்றத்தில் ஆள் இல்லை.

போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் அந்த வீட்டை விட்டுத் தெருமுனைக் கடைக்குக்கூட யாரும் போனதில்லை. சோலைமலை ஒருவர்தான் கடைசித் தடவை 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போனவர். கருப்பம்மாள் அன்று பகல் முழுக்க அந்த ஒரு சொல்லைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தாள். பாறையை நினைக்கவே இல்லை. கையில் கொடுத்திருக்கலாமோ என்று ஒரு மணி நேரம் நினைத்தாள். தானே தவழ்ந்தாவது போயிருக்கலாமோ என்று ஒரு மணி நேரம் நினைத்தாள். இரண்டு மணிக்கு ஐரின் போன் செய்தாள்.

"யக்கா, போட்டோவுக்குக் காணோமே?"

"இன்னிக்கு நான் வரலம்மா. எம் மக போயிருக்கு."

"மாதாவே," என்றாள் ஐரின், இந்த முறை டவருக்காக அல்ல.

நாலு மணி வாக்கில் சிறுமலைக்கு மேலே வானம் ஒரு தரம் வெளுத்து அடங்கியது. வெளியே ஆட்கள் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஒன்றும் விழவில்லை. ஐந்து மணி ஆனது, தீபா வரவில்லை. கருப்பம்மாள் சுவரைப் பிடித்துப் பிடித்து அடுக்களைக்குப் போய், உட்கார்ந்தபடியே உலை வைத்தாள், கத்தரிக்காய் நறுக்கிக் குழம்பு வைத்தாள். வராதவர்களுக்காக ஆக்கி வைத்துப் பழகிய கை அது.

விளக்குப் போடுகிற நேரத்தில் முற்றத்தில் பொத்தென்று சத்தம் கேட்டது. பிறகு, "ஆத்தாடி" என்று ஒரு முனகல்.

தீபா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துண்டைக் காணோம். சட்டையின் வலது கை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது. உள்ளே வந்து அம்மா முகத்தைப் பார்க்காமல் சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள்.

"காலெல்லாம் கடுக்குது. கழுத்து திரும்ப மாட்டேங்குது. அம்புட்டுத் தூரத்துலயும் சோத்து நெனப்புதான். கையில குடுத்திருந்தா இதெல்லாம் இல்ல, தெரியும்ல?"

"தெரியும்," என்றாள் கருப்பம்மாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றி நகர்த்தி வைத்தாள்.

தீபா ஒரு வாய் அள்ளிப் போட்டாள். மென்றாள். நிறுத்தினாள்.

"குழம்புல உப்பே இல்ல. உப்ப எடு," என்று இடக் கையை நீட்டினாள்.

கருப்பம்மாள் உப்பு ஜாடியை எடுத்து, நீட்டிய கைக்குப் பக்கத்தில், தரையில் வைத்தாள்.