சாய மிடா எண்ணெய்

இரத்தினேஸ்வரிக்கு வாய் கொஞ்சம் நீளம். அவசரமோ அதைவிட நீளம். அந்த அவசரத்தால்தான் சல்லிக் கடற்கரையில் அதுவரை எந்தப் பெண்ணும் செய்யாத பிழையை அவள் செய்தாள்.

நைலோன் வலை அந்தப் பக்கம் வராத காலம் அது. பருத்தி வலை உப்புத் தண்ணீரில் இற்றுப்போகாமலிருக்க, கண்டல் மரத்தின் பட்டையைப் பெரிய மண் மிடாவில் அவித்து, அந்தச் சிவந்த சாயத்தில் வலையை ஊறப்போடுவார்கள். அந்த மிடாவைப் பெண்கள் தொட்டால் வலையில் மீன் விழாதாம். மீன் விழாத நாளில் பழி போட ஆள் வேண்டுமே, அதற்காக ஆண்கள் கண்டுபிடித்த சட்டம் என்பது இரத்தினேஸ்வரியின் கட்சி. ஆனாலும் அவள் தொட்டதில்லை.

அந்த ஆவணியில் அவளுடைய ஆறு வயது மகள் யோகம், பொழுது பட்டால் வாசற்படியில் இடறத் தொடங்கினாள். கண்ணுக்கு நேரே வைத்த சோற்றுக் கோப்பையைத் தடவித் தேடினாள். ஆசுப்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி இராசையா, யோகத்தின் இமையை விரித்துப் பார்த்துவிட்டு மாலைக்கண் என்றார். விட்டால் பகலிலும் பார்வை போய்விடும், சுறா ஈரல் எண்ணெய் நாளுக்கு ஒரு கரண்டி, மாசி முடியும்வரை ஒரு நாளும் தவறக்கூடாது என்றார்.

கணவன் குலசிங்கம் அடுத்த கிழமையே இரண்டு பெரிய சுறாவோடு கரையேறினான். வாடைக்காற்று தொடங்கினால் தோணி இறக்க முடியாது. ஆகவே மாசி வரைக்கும் இதுதான் எண்ணெய். இரத்தினேஸ்வரி ஈரலைத் தண்ணீரில் அவித்து, மிதந்த எண்ணெயை அகப்பையால் வழித்தாள். ஆறு போத்தல் நிரம்பிவிட்டது. எண்ணெய் இன்னும் இருந்தது, பாத்திரம்தான் இல்லை. சட்டி கையைச் சுட, பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த சாய மிடாவுக்குள் மிச்சத்தை ஊற்றிவிட்டாள். அடியில் காய்ந்த பட்டைத் துண்டுகள் ஒரு கைப்பிடி கிடந்ததை ஊற்றிய பிறகுதான் கண்டாள்.

குலசிங்கம் ஆடித் தீர்த்தான். மிடாவும் போச்சு, எண்ணெயும் போச்சு என்று கரை முழுக்கக் கேட்கக் கத்தினான். சிவந்துபோன அந்த எண்ணெய் தோணிக்குப் பூசத்தான் ஆகும் என்று மிடாவை மூடி ஒரு மூலையில் தள்ளிவைத்தான்.

ஐப்பசி பிறந்தது, மழையும் வந்தது. போத்தல் எண்ணெய் காறத் தொடங்கியது. மூடியைத் திறந்தாலே கெட்ட வாடை வீடெல்லாம் பரவியது. யோகம் விழுங்கியதும் சத்தி எடுத்தாள். மூக்கைப் பொத்தி, சீனி கொடுத்து, கெஞ்சி, அடித்து, அடித்ததற்காகத் தானும் அழுது பார்த்தாள் இரத்தினேஸ்வரி. ஒன்றும் சரிவரவில்லை. கார்த்திகையில் பிள்ளை பொழுது படுமுன்பே சுவரைப் பிடித்து நடந்தாள். வேறு எண்ணெய்க்கு வழியில்லை.

மழை விட்ட ஒரு காலையில், கரையில் ஏற்றிக் கிடந்த தோணிக்குப் பூசுவதற்காகக் குலசிங்கம் மிடாவைத் திறந்தான். நாற்றத்துக்குப் பயந்து முகத்தைத் திருப்பியவன், மறுபடி குனிந்து மணந்து பார்த்தான். பிறகு மனைவியைக் கூப்பிட்டான். அவள் விரலால் தொட்டு நக்கினாள். கொஞ்சம் துவர்த்தது. காறல் துளியும் இல்லை.

அன்றைக்கே அதில் ஒரு போத்தல் நிரப்பிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினாள். வலைக்குப் போடும் பட்டை பிள்ளையின் வயிற்றுக்குள் போகலாமா என்பதுதான் அவளுடைய பயம். இராசையா மணந்து, ருசித்து, சிரித்தார்.

"கிண்ணியாப் பக்கம் வயித்தோட்டத்துக்கு இந்தப் பட்டையைத்தான் அவிச்சுக் குடிக்கினம். காத்துப் பட்டுத்தான் எண்ணெய் காறுறது, அதோட சத்தும் போயிடும். பட்டையில இருக்கிற துவர்ப்பு அதைக் காறவிடேல்ல. பயப்படாமக் குடுங்கோ தங்கச்சி."

இருந்தும் மூன்று நாள் தான் குடித்துப் பார்த்த பிறகே மகளுக்குக் கொடுத்தாள். யோகம் முகத்தைச் சுளித்தாள், ஆனால் சத்தி எடுக்கவில்லை. மிடாவைத் தொட்டதற்குக் கத்திய குலசிங்கம், தினமும் காலையில் மனைவியையே அனுப்பி அதிலிருந்து எண்ணெய் அள்ளுவித்தான். சட்டம் எங்கே போனது என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டது அவள் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். பொழுது மங்கும் நேரம் இரத்தினேஸ்வரி முற்றத்தில் குந்தி, சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்துப் பானையில் போடப்போனபோது, பக்கத்தில் இருந்த யோகம் சுளகுக்குள் கையை விட்டு, அரிசி நிறத்திலேயே கிடந்த ஒரு குறுணிக் கல்லை எடுத்துத் தாயின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது உங்களுக்குத் தெரியேல்லையே அம்மா? நீங்களும் எண்ணெய் குடியுங்கோ."

இரத்தினேஸ்வரி சுளகைத் தள்ளிவிட்டு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அரிசி முற்றமெல்லாம் கொட்டுண்டது. அதைப் பொறுக்கவும் இவளையே விடலாம் என்று நினைத்தபோது, அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.