அவுரேலியாவிடம் சொன்ன பொய்

அவுரேலியா இறந்த செய்தி வந்தபோது க்ளைவ் சின்ன உப்போடை ஊரிலிருந்த தன் பட்டறையில் ஒரு தோணி எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தான். பிலிப்பைன்ஸிலிருந்து ரொடேல் அழைத்திருந்தான். இருவரும் ஒரே சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் பதினொரு வருடம் வேலை செய்தவர்கள். "அம்மா போய்விட்டாள். உன்னை அடிக்கடி கேட்பாள்," என்றான் ரொடேல்.

அவளை அவன் ஒரேயொரு முறைதான் கண்டிருந்தான். பத்து வருடத்துக்கு முன், கப்பல் பழுதுபார்க்க நின்றபோது, ரொடேல் தன் ஊருக்குக் கூட்டிப்போனான். தென்னந்தோப்புக்குள் வீடு. கிழவிக்கு அப்போது எழுபத்தேழு வயது. மேசையை மேசா என்றாள், சப்பாத்தைச் சப்பாத்தோஸ் என்றாள், குசினியைக் குசினா என்றாள். போர்த்துக்கேயம் பேசும் பறங்கி வீட்டில் பிறந்த க்ளைவுக்கு, தன் வீட்டுச் சொற்களையே கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். மிச்சப் பேச்சை ரொடேல் மொழிபெயர்த்தான்.

சாப்பிட்டு முடிந்ததும், யாரும் கேட்காமலே அவள் சொல்லத் தொடங்கினாள். நாற்பத்தைந்தாம் ஆண்டு பெப்ரவரி மாதம். தோற்றுப் பின்வாங்கிய ஜப்பானியப் படை ஊருக்குள் வந்து, பயண அனுமதிச் சீட்டுத் தருகிறோம், எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள் என்றது. சனம் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போனது. ஆண்களை முதலில் கொண்டுபோனார்கள். பிறகு பெண்களையும் பிள்ளைகளையும் கை கட்டி, தேங்காய் காயவைக்கும் கொப்பறாக் கொட்டிலுக்குப் பின்னாலிருந்த பள்ளத்துக்கு நடத்திப்போய், துவக்கு முனைக் கத்தியால் குத்தித் தள்ளினார்கள். எட்டு வயது அவுரேலியாவுக்கு நாலு குத்து. பெரியம்மாவின் உடல் மேலே விழுந்து மறைத்ததால் உயிர் தப்பினாள்.

"அம்மா உடனே சாகவில்லை," என்றாள். "பொழுது சாயும்வரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் அவர்கள் திரும்பி வருவார்கள் என்று பயம். பிறகு சத்தம் நின்றுவிட்டது."

ஐம்பது வருடம் அதை எவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாளாம். அதன்பின் ஒவ்வொரு பெப்ரவரியும் அதே பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள், தாய்க்குப் பதில் கொடுக்காததையும் சேர்த்து.

"உன் நாட்டிலும் யுத்தமாமே. நீ என்ன கண்டாய்?" என்று அவனைக் கேட்டாள்.

"ஒன்றுமில்லை," என்றான் க்ளைவ்.

கிழவி அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். "அப்படியானால் நீ கொடுத்துவைத்தவன்."

அவன் கண்டிருந்தான். தொண்ணூறாம் ஆண்டு ஆரையம்பதிக்கு எஞ்சின் திருத்தப் போனவன், வாவிக்கரைக் கண்டல் பற்றைக்குள் ஒளிந்திருந்து கண்டான். அவனோடு பட்டறையில் வேலை செய்த ஜெயரூபனைத் துவக்குக்காரர் சிலர் ட்ரக்கில் ஏற்றினார்கள். மறுநாள் ஜெயரூபனின் தாய் சீதேவிப்பிள்ளை பட்டறை வாசலில் வந்து நின்று, "என்ட புள்ளையக் கண்டயா மனே?" என்று கேட்டாள். இல்லை என்றான். சொன்னால் தன்னையும் தேடி வருவார்கள் என்ற பயம். பயம் தெளிந்த காலத்தில் வெட்கம் வந்து குந்திக்கொண்டது.

ரொடேலோடு பேசி முடித்ததும் க்ளைவ் கையைக் கழுவிவிட்டு ஆரையம்பதிக்குப் போனான். சீதேவிப்பிள்ளைக்கு எண்பது ஆகப்போகிறது. பாயில் கூனி இறால் பரப்பித் துப்புரவு செய்துகொண்டிருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் கை நின்றது. "நடந்தா ஏறின அவன்?"

"ஓம் அம்மா. நடந்துதான். ஒரு கால்ல செருப்பு இல்ல."

"எந்தப் பக்கம் கொண்டுபோன?"

"வடக்கால. டவுன் பக்கம்."

"கல்முனைப் பக்கம் எண்டு ஆரோ சொன்ன," என்றாள் மெதுவாக. "ஏழு வருசம் தெற்காலதான் தேடின நான். டவுன் பக்கம் ஒரு காம்ப் வாசல்லயும் போய்க் கேக்கல்ல."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப என்னத்துக்கு வந்து சொல்ற?"

அவுரேலியாவைப் பற்றிச் சொன்னான். பள்ளத்தையும், தாய் கூப்பிட்டதையும், அவள் பேசாமல் கிடந்ததையும் சொன்னான். சீதேவிப்பிள்ளை முழுவதையும் கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு எட்டு வயசு," என்றாள். "உனக்கு இருவத்தாறு."

பிறகு கூனியைக் கோலி ஒதுக்கினாள். "வாற வெள்ளிக்கிழமை, காணாமப் போனவங்கட தாய்மார் கூடுற. அங்க வந்து சொல்லு. எனக்கிட்ட மட்டும் சொல்லிப்போட்டுப் போயிராத."

வெள்ளிக்கிழமை போனான். இருபது பெண்கள் வரை, மடியில் படங்களோடு இருந்தார்கள். நாக்குக் குழறக் குழறச் சொல்லி முடித்தான். பின்வரிசையில் இருந்த ஒருத்தி தன் மகனின் படத்தைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அந்த ட்ரக்குக்குள்ள இவனும் இருந்தவனா தம்பி?"

ட்ரக்குக்குள் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஆனால் ஜெயரூபனை ஏற்றியதும் க்ளைவ் தன் முகத்தைச் சேற்றில் புதைத்துக்கொண்டான். மற்றவர்களைப் பார்க்கவில்லை; ட்ரக் வடக்குப் பக்கம் போன சத்தம்தான் கேட்டது.

"தெரியாது அம்மா," என்றான்.

அது உண்மைதான். அவள் நம்பவில்லை. படத்தைத் தாழ்த்தாமல், அவன் இன்னும் ஏதாவது சொல்வானென்று நெடுநேரம் அங்கேயே நின்றாள்.