இன்ஸ்பெக்டரின் இடது காது

எங்கள் வீட்டுப் பூனைக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தது என் மகள். கடையிலிருந்து எந்தப் பை வந்தாலும் அது தலையை உள்ளே விட்டுச் சோதனை போட்ட பிறகுதான் எங்களைத் தொட விடும். ஐந்து வருடங்களுக்கு முன் மழைக்கு ஒதுங்க வந்தது. மழை விட்டும் போகவில்லை. "உன் பூனை, உன் பொறுப்பு" என்று அன்றைக்கே மகளிடம் சொல்லிக் கைகழுவிவிட்டேன். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் காலை வாரப்போகிறது.

நான் பல் செய்கிறவன். பல் மருத்துவர் இல்லை. அவர் வாயில் அளவெடுத்து அனுப்புவார், பல்லைச் செய்வது நாங்கள், பேரும் நன்றியும் அவருக்கு. முதலில் நான் மெழுகில் பல்லைச் செதுக்குவேன். கூட வேலை செய்யும் உலைக்காரர் அதைச் சுற்றி வார்ப்பு மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் அந்த அச்சை உலையில் வைப்பார். மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றுவார். இருபத்தேழு வருடமாக இதுதான் பிழைப்பு. தெருவில் யாராவது சிரித்தால் எனக்கு முகம் தெரியாது, கடைவாய்ப்பல்தான் தெரியும்.

மகளுக்கு வேறு ஊரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. விடுதியில் பூனைக்கு அனுமதி இல்லை. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை, கேட்டாள்.

"அப்பா, பல்லு செய்ற மாதிரி இன்ஸ்பெக்டரையும் செஞ்சு தாங்களேன். கட்டைவிரல் அளவு போதும். ரூம்ல வச்சுக்குவேன்."

பிறந்ததிலிருந்து அவள் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "இதென்ன பிரமாதம்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவைத்தேன்.

அவள் கைபேசியில் எடுத்த படம் ஒன்றை வேலை மேசையில் சாய்த்து வைத்துக்கொண்டு, மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தை எல்லாம் அதற்கே கொடுத்தேன். கால்களை மடக்கிப் படுத்திருக்கும் பூனை. மீசைமயிர் முளைக்கும் புள்ளிகள்கூட விடவில்லை. உலைக்காரர் வார்த்துக் கொடுத்ததைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, புதன்கிழமை மாலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஞாயிறு காலை அவளுக்குப் பேருந்து.

மகள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குப்பா."

அந்த 'நல்லா இருக்கு'வில் உப்பில்லை. என் மனைவிக்கு இந்த நாகரிகமெல்லாம் கிடையாது. வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரு பூனைங்க இது?" என்றாள்.

"நம்ம இன்ஸ்பெக்டர்தான், வேற யாரு?"

"நம்மளது ரவுடிப் பய. இது பவுடர் போட்டுக்கிட்டு போட்டோவுக்கு உக்காந்த மாதிரி இருக்கு."

"இடது காது..." என்று மகள் மெதுவாக இழுத்தாள். "பாதிதானேப்பா இருக்கும்?"

அப்போதுதான் உறைத்தது. தெருச் சண்டையில் கிழிந்த காது அது. நான் செய்திருந்ததில் முழுசாக இருந்தது. இன்ஸ்பெக்டருக்கு வலதுபக்கக் கோரைப்பல் உதட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். நான் அதையும் உள்ளே தள்ளி வாயை மூடியிருந்தேன். கவனக்குறைவால் வந்ததில்லை, தொழில் பழக்கத்தால் வந்த வினை. ஒருவருக்கு இடது பல் இல்லையென்றால் வலது பல்லைப் பார்த்து அதே மாதிரி ஒன்று செய்வோம். பல் வரிசை கோணலாக இருந்தால் நேராக்குவோம். என் கை என்னைக் கேட்காமலே பூனைக்கும் அந்த வைத்தியத்தைப் பார்த்துவிட்டது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மூணு வாரம் மாடா உழைச்சுக் குடுத்தா, குத்தம் சொல்ல மட்டும் ரெண்டு பேரு!" என்று கத்திவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. பெண் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் சொதப்பிவிட்டு, வெறுங்கையோடு அவளை அனுப்பப் போகிறேனே என்று என்மேல்தான் கோபம்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து திரும்பினேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்கக் கடைசித் திருப்பத்தில் நின்று நிமிர்ந்தால், மேல்படியில் இன்ஸ்பெக்டர். முன்கால் இரண்டையும் படியின் விளிம்பில் சேர்த்து வைத்து, தலையைச் சாய்த்து, கிழிந்த காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த ஒற்றைப் பல்லால் பார்க்க நக்கல் செய்வது போலவே இருந்தது.

அது தினமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். நான் கொண்டுவரும் பையைச் சோதிக்கக் காத்திருக்கிறது, காரியக்காரப் பூனை என்று நினைத்து நான் சாவியைத் துழாவியபடி தாண்டிப் போய்விடுவேன். அன்றைக்கு என் கையில் பை இல்லை. அது வெறுங்கையைப் பார்த்தது. பார்த்தும், எழுந்து வந்து என் காலில் உரசிவிட்டு, மறுபடியும் போய் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

சட்டைப்பையில் ஒரு துண்டு மெழுகும் சின்னக் கத்தியும் எப்போதும் கிடக்கும். இரண்டு படி கீழே அப்படியே உட்கார்ந்து செதுக்க ஆரம்பித்தேன். காதைப் பிடித்து, கிழிசல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் அதை நான் தொட்டது அதுதான் முதல்முறை. அது கண்ணை மூடிக்கொண்டு காட்டியது. கை சரிசெய்யத் துடிக்கும்போதெல்லாம், "சும்மா இரு" என்று கையை அதட்டினேன். வெள்ளிக்கிழமையும் அதே படிக்கட்டுதான். மேல்மாடிக்காரர் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறும்போது, "சாவி தொலஞ்சு போச்சா சார்?" என்று இரண்டு நாளும் கேட்டார்.

சனிக்கிழமை காலை மெழுகுப் பூனையை உலைக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால், மனிதர் மெழுகுக் கத்தியைச் சூடாக்கிக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருக்கிறார்.

"அண்ணே, தொடாதீங்க!"

நான் போட்ட கூச்சலில் அடுத்த அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

"காது ஒடஞ்சிருக்கேப்பா. பல்லு வேற வெளிய நிக்குது. ரெண்டு சொட்டு மெழுகு விட்டா சரியாயிடும்."

"அது அப்படித்தான்ணே இருக்கணும்."

"ஒடஞ்சதையா வார்க்கச் சொல்ற?"

"ஆமா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு முப்பது வருட அனுபவம். நான் அவரை முதல்முறையாகத் தப்பு செய்யச் சொல்கிறேன். "உன் இஷ்டம். என் பேரைச் சொல்லிடாத" என்று முணுமுணுத்தபடி அச்சில் இறக்கினார். உலை ஆறும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ஞாயிறு காலை, பெட்டியை மூடும் நேரத்தில், மகளின் கையில் வைத்தேன். முதலில் அவள் விரல் காதுக்குத்தான் போனது. பிறகு பல்லுக்கு. பிறகு சிரித்தாள், கண் நிறையச் சிரித்தாள். எனக்கு அது போதும். ஆனால் சிரிப்பை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் அதையே உற்றுப் பார்த்தாள்.

"இது எங்கப்பா உக்காந்திருக்கு? இப்படித் தலையச் சாச்சு நான் பாத்ததே இல்லையே?"

"படிக்கட்டுல. சாயந்தரம் நான் வரும்போது."

"ஆறு மணிக்கா?" என்றாள். "டெய்லி என் மடியில தூங்கிக்கிட்டே இருக்கும், அந்த நேரத்துக்கு டக்குனு எந்திரிச்சு ஓடிடும். ஊர் சுத்தப் போகுதுன்னுல்ல நெனச்சேன்!" பூனையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்போ இது உங்க பூனைப்பா. உன் பூனை உன் பூனைன்னு இவ்வளவு நாளா என்னை ஏமாத்தியிருக்கீங்க."

நான் குனிந்து பெட்டியை இழுத்து மூடினேன். மனைவி உள்ளேயிருந்து, "எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். அவளுக்கு எல்லாமே எப்பவோ தெரியும்.

காது முழுசாக உள்ள முதல் பூனை இப்போது என் வேலை மேசையில் காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. வருகிறவர்கள் எல்லாம் எடுத்துப் பார்த்து, என்ன அழகு என்கிறார்கள். உலைக்காரர் மட்டும், "அதான் சரியா வந்தது" என்கிறார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு நான் கடைசித் திருப்பத்தில் நின்றபோது கைபேசி ஒலித்தது. மகள் படம் அனுப்பியிருந்தாள். விடுதி அறைக் கதவைத் திறந்ததும் எதிரே தெரிகிற அலமாரியின் விளிம்பில், வாசலைப் பார்த்துத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது குட்டி இன்ஸ்பெக்டர். கீழே ஒரு வரி: "கிளாஸ் முடிஞ்சு இப்பதான்பா வந்தேன். காத்துக்கிட்டு இருக்கு."

மேல்படியில் நிஜ இன்ஸ்பெக்டர் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து படத்தைக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, என் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது. பையில் அதற்காக வாங்கிவந்த மீன் இருந்தது. அதைச் சோதனை போட அது மறந்தே போயிருந்தது.