மூன்று வாரமாக ஆமென் சொல்லாதவள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, ஒட்டுக்கேட்டது. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலுக்கும் எனக்கும் நடுவே ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு அக்காவும் தம்பியும். காதில் விழாததையெல்லாம் நானே அடித்துவிடுகிறேன், அதற்குத்தானே என்னை எழுத்தாளன் என்கிறார்கள்.

ஒன்பது தொடக்கங்கள் எழுதினேன்.

வெளியே மழை பெய்துகொண்டிரு

(அந்த ஜன்னலைத் திறக்கவே முடியாது. மழை எனக்கெப்படித் தெரியும்?)

வார்டில் கனத்த மௌனம் நில

(எதிர்க் கட்டில்காரர் போனில் மச்சானைத் திட்டிக்கொண்டிருந்தார்.)

மீதி ஏழும் இதைவிட மோசம்.

2

அக்காவுக்குச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. தையல் ஒரு நூல் விலகினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். கம்பெனியில் அவள் பெயரே சிவப்பு ஸ்டிக்கர்தான். பெண் பார்க்க வந்த மூன்று பேரும் ஸ்டிக்கரோடுதான் திரும்பிப் போனார்கள் என்பது தம்பியின் கேலி.

அவள் ஜெபம் செய்யும் விதம்தான் விசேஷம். முதலில் ரஃப் நோட்டில் எழுதுவாள். அடித்துத் திருத்தி, மார்ஜின் போட்ட நோட்டில் நல்ல பிரதி எடுப்பாள். அப்புறம்தான் முழங்கால் போடுவாள். வாசிக்கும்போது ஒரு வார்த்தை தடுமாறினாலும் போச்சு, மறுபடியும் ‘பரலோகப் பிதாவே’யிலிருந்து. கம்பெனியில் அவள் எப்படியோ, மேலே இருக்கிறவரும் அப்படித்தான் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

தம்பியின் இதயத்தில் ஒரு வால்வு பழுது. அவனுக்கான ஜெபத்தை மூன்று வாரமாக எழுதுகிறாள். ஒரு தடவைகூட ஆமென் வரை போனதில்லை. கடவுளும் மூன்று வாரமாக அதே முதல் பத்தியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பொறுமைசாலிதான்.

[இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று எனக்கே சந்தேகம். கேட்பது யார் என்றால், மேலே உள்ள பத்தியைப் பதினோரு தடவை திருத்தியவன்.]

3

காலை எட்டு மணி. நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்.

“அஞ்சு நிமிஷத்துல தியேட்டருக்கு. பேச வேண்டியதப் பேசிக்குங்க.”

“அக்கா, ஜெபம் பண்ணேன்” என்றான் தம்பி.

பையைக் குடையும் சத்தம். “இருடா, நோட்ட எடுக்கறேன்.”

“நோட்டு வேண்டாங்க்கா.”

“மூணாவது பத்தி இன்னும் சரியா வரலடா.”

“எனக்காகப் பண்றியா, பரீட்சை எழுதறியா?”

“தப்பாச் சொல்லிட்டேன்னா?”

“சொன்னா என்ன? என்னைத் திருப்பி அனுப்பிடுவாரா? அனுப்பட்டும்க்கா. அதத்தானே கேக்கப் போற!”

அவன் சிரித்தான். ஆனாலும் அவனுக்குப் பயம். அக்கா ஒரு வார்த்தையாவது ஜெபிக்காமல் உள்ளே போக அவனுக்கு மனசில்லை.

4

இந்த இடத்துக்கு இரண்டு வடிவங்கள் வைத்திருந்தேன்.

அ) அவள் வாயிலிருந்து அருவியாய் ஒரு ஜெபம் கொட்டுகிறது, நர்ஸ் விம்முகிறார். (அந்த நர்ஸுக்கு அன்றைக்கு ஆறு ஸ்ட்ரெச்சர். விம்ம ஏது நேரம்?)

ஆ) அவள் பேசவில்லை, கண்ணீர் பேசுகிறது. (கண்ணீர் கதைகளில்தான் பேசும். வார்டில் மூக்குதான் ஒழுகும்.)

நிஜமாக என் காதில் விழுந்தது இது:

“பரலோகப் பிதாவே… இவன்… இவனுக்கு வால்வுல… அது உமக்கே தெரியும். எனக்குப் பயமா இருக்கு. இவன் எனக்கு வேணும். இத்தன நாளா இவனுக்காக ஒழுங்கா ஒரு ஜெபம்கூட… டேய், சிரிக்காத… ஐயோ, எங்க விட்டேன்?”

திரைக்கு இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாளோ?

“பரவால்ல. விட்ட எடத்துலேர்ந்து நீரே பாத்துக்கும். ஆமென்.”

“ஆமென். கொஞ்சம் நகருங்க” என்றார் நர்ஸ்.

நானும் சொன்னேன், மெதுவாக.*

* கோயில் பக்கம் போய்ப் பல வருஷமாகிறது. இந்த வரியை நான்கு தடவை அடித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

5

அடுத்த அரை மணியில் எனக்கு டிஸ்சார்ஜ். தியேட்டர் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் நோட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. யாரோ பக்கத்தில் இருப்பதுபோல் பேசிக்கொண்டிருந்தாள். “அப்புறம் ஆண்டவரே, அந்த டாக்டர் காலைல சாப்பிட்டாரோ என்னமோ, அதையும் கொஞ்சம் பாத்துக்கும்.” நல்ல பிரதி எடுத்திருந்தால் இந்த வரிக்குத்தான் முதல் ஸ்டிக்கர் விழுந்திருக்கும்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பத்திரிகை ஆசிரியருக்கு இது போதாதாம். “தம்பி பிழைச்சானா இல்லையா சார்?” என்று போனில் குடைகிறார். இரண்டு முடிவுகளும் எழுதினேன். ஒன்றில் அவன் கண் விழித்து டீ கேட்கிறான். திருத்தத் திருத்த அது பொய்யாகிக்கொண்டே போயிற்று. இன்னொன்றை உங்களிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே முடிவு உங்கள் பொறுப்பு. எழுதச் சொல்லவில்லை. அவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், நீங்களும் அவனுக்காக வாய்க்கு வந்ததைச் சொல்லுங்கள். நம்பிக்கை போதாது, பழக்கமில்லை என்றெல்லாம் இழுக்காதீர்கள். உளறினாலும் பரவாயில்லை, உள்ளே ஆரம்பித்துவிட்டார்கள்.