மகளிர் குழுவுக்கு ஒரு பெயர்

ஆசியப் பளுதூக்கும் கூட்டமைப்பின் மகளிர் குழுவுக்குப் பெயர் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள், மாவட்டப் பளுதூக்கும் கழகச் செயலாளரின் கையெழுத்தோடு படிவம் சென்னையிலுள்ள மாநில அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் போக வேண்டும். ஹஃப்சா தன் பெயர் எழுதிய படிவத்தோடு காலையிலிருந்து வேங்கிக்கால் பயிற்சிக்கூடத்தின் வாசலில் நடந்துகொண்டிருந்தாள். நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்த்தாள்.

ஏழு வருடத்துக்கு முன் ஆசியப் பதக்கம் வாங்கியவள். மகள் பிறந்த வருடம் போட்டிகளுக்குப் போகவில்லை என்று கூட்டமைப்பின் தரவரிசையிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். முறையிட்டதற்கு, மகப்பேற்றுக்கு விதிகளில் இடமில்லை என்று ஒரு வரி பதில் வந்தது. அந்த விதிகளை எழுதிய குழுவில் ஒரு பெண்கூட இல்லை.

செயலாளர் ராமகிருஷ்ணன் மூன்று மணிக்குத்தான் வந்தார்.

"உன் பேரு போவலம்மா. காலையிலயே அருணாதேவி பேர அனுப்பிட்டேன்."

அருணாதேவி அவர் மனைவி.

"அவங்க பளுவத் தொட்டதே இல்லியே சார்?"

"ஒரு பொம்பள பேரு கேட்டாங்க, குடுத்தாச்சு. நீ போனா அங்க ஜாஸ்தி பேசுவ. நமக்கு எதுக்கு வம்பு?"

ஹஃப்சா ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்கே கிளம்பினாள். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது. பாதியில் இறங்கி ஓடினாள்.

கதவைத் திறந்த அருணாதேவிக்கு ஒன்றும் தெரியவில்லை. "என் பேரா? நேத்து ஏதோ பேப்பர்ல கையெழுத்து கேட்டாரு. கேஸ் கனெக்‌ஷனுக்குன்னு நெனச்சேன்."

ஹஃப்சா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அருணாதேவியின் முகம் சிவந்தது. சென்னை அலுவலகத்துக்குப் பேசித் தன் பெயரை எடுக்கச் சொன்னார். பிறகு கணவருக்குப் போன் போட்டார்.

"இந்தப் பொண்ணு வருது. கையெழுத்து போட்டு அனுப்பிட்டு அப்புறம் வீட்டுக்கு வாங்க. இல்லேன்னா நானே அங்க வரேன்."

நாலு ஐம்பதுக்கு ஹஃப்சாவின் படிவம் போனது.

இரண்டு மாதம் கழித்து ஹஃப்சா மகளிர் குழுவுக்குத் தேர்வானாள். மகப்பேற்றின்போது வீராங்கனையின் தரவரிசையைக் காக்கும் தீர்மானத்தைக் குழுவின் வழியாகப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுபோனாள். மூன்று வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. மறுநாள் காலையில், எதிர்த்தவர்களின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தாள்.

அடுத்த வருடம் தீர்மானம் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. அதனால் முதலில் தரவரிசையில் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டவள், ஹஃப்சா பார்த்தே இராத ஒரு மங்கோலியப் பெண்.