ஓதம் வடிந்த வேளை

கூதிர்ப் பருவத்து இளவெயில் உப்பங்கழிமேல் சாய்ந்து பரவ, கழிநடுவே மரத்தூண் ஊன்றிக் கல்லடுக்கி எழுப்பிய வெனிசு மாநகரின் மணிக்கூண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாய் நண்பகல் ஒலித்து ஓய, வறுத்த கொட்டையின் மணமும் புதுமதுவின் புளிப்பும் சந்துதொறும் கலந்து திரிய, அந்நகரத்தார் தொழிலை மறந்து, மனைவி மக்களையும் மறந்து, ஒரு கற்பாலத்தை நோக்கி விரைந்து கொண்டிருந்தனர், கற்றறிந்த அன்பர்களே! எதற்கென்று கேட்கிறீர்களா? ஒருவர் பல்லை ஒருவர் உடைப்பதற்கு! கிழக்குக் கரையின் கப்பல் தச்சர் செந்தொப்பி அணிவர். மேற்குக் கரையின் மீனவர் கருந்தொப்பி அணிவர். கூதிர் பிறந்துவிட்டால் ஞாயிறுதோறும் இரு திறத்தாரும் கைப்பிடிச் சுவரில்லாத அப்பாலத்தின்மேல் படைக்கலமின்றிக் கையால் மோதுவர். ஏன் மோதுகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. கேட்கப் போனவன் மூக்குத்தான் உடையும்.

பாலத்தை ஒட்டிய வீட்டின் மாடிச் சாளரத்தை விட்டு ஓர்சொலா அன்று காலை முதலே அகலவில்லை. செந்தொப்பியர் குடியில் பிறந்து, கருந்தொப்பியர் தலைவனாகிய மேனெகோ என்னும் மீனவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தச்சுவேலை தேடி வெரோனாவுக்குப் போன அவளுடைய தமையன் பொர்த்தோலோ, தங்கை வீட்டில் பத்து நாள் ஓய்ந்திருக்க வந்திருந்தான். வந்தவன், படகில் சாய்ந்தபடி கால்வாய்களைச் சுற்றுவதும், வெங்காயமும் காடியும் இட்டு ஊறவைத்த மத்தி மீனை மும்முறை கேட்டு வாங்கி உண்பதும், உண்ட இடத்திலேயே குறட்டை விடுவதுமாய் எட்டு நாளைக் கழித்துவிட்டான். தாய் தந்தையை இழந்த அவளுக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருவனே. கணவன் கையும் தமையன் கையும் ஒன்றன்மேல் ஒன்று படாமல் அந்த ஞாயிறு கழிந்துவிட வேண்டும். அவள் வேண்டியதெல்லாம் அவ்வளவே.

"அண்ணே, என் தலமேல கை வச்சுச் சொல்லு. கீழ எறங்க மாட்டேல்ல?"

"எறங்கி என்னத்தப் பண்ண? தின்ன மத்தியே இன்னும் செரிக்கல, எந்திரிக்கவே முடியல" என்று பொர்த்தோலோ தொப்பையைத் தட்டிச் சிரித்தான்.

கீழே வலக்கைக்கு உறை மாட்டிக் கொண்டிருந்த மேனெகோ அண்ணாந்து கூவினான்: "மச்சான், நல்லா சாஞ்சு ஒக்காந்து பாருங்க! ஒங்க ஆளுங்களுக்கு இன்னிக்கு வாய்க்கா தண்ணிதான் சாப்பாடு!"

"பாத்து மாப்ள, எங்காளுங்க கடிப்பாங்க!"

முரசு முழங்கியது. இருபுறமும் அணிவகுத்து நின்றோர் ஓரிமைப்பில் பாலத்தின் முதுகிலேறி முட்டி மோத, தாடை பெயர்ந்தது, விலா முறிந்தது, கன்னம் கிழிந்து தொங்கியது. விழுந்தவனை எழவிடாமல் நூறு கால்கள் மிதித்து ஏறின. நீரில் வீழ்ந்தோர் மட்டுமே நற்பேறுடையோர். நீரைத் தொட்டவனை எவரும் தொடலாகாது என்பது அவ்வூர் வழக்கம். ஆதலால் அடிபட்டுச் சாகும் நிலையிலிருக்கும் தோழனைத் தோழனே கால்வாயில் தள்ளிக் காப்பதுண்டு.

அப்போது செந்தொப்பியருள் காதறுந்த ஒருவன் சாளரத்தை நோக்கிக் கை நீட்டினான். "டேய் பொர்த்தோலோ! மீன்காரன் வீட்டுச் சோறு ஒடம்புல ஒட்டிக்கிச்சா? தங்கச்சிய வித்துத்தான் மத்தி வாங்கித் திங்கிறியா?"

பொர்த்தோலோவின் சிரிப்பு நின்றது. அவன் எழுந்தான். ஓர்சொலா இரு கைகளாலும் அவன் சட்டையைப் பற்றினாள்.

"அண்ணே, வேண்டாம்ணே! ஊர்ல ஆயிரம் பேசுவானுங்க!"

"என்னைய என்ன வேணா சொல்லட்டும். ஒன்னச் சொல்லிட்டான் புள்ள."

கிழிந்த சட்டைத்துணி அவள் விரல்களில் மிஞ்ச, அவன் படியிறங்கிப் பாலத்தில் பாய்ந்து காதறுந்தவன் வாயில் ஓங்கிக் குத்தினான். ஐயோ, தொப்பியில்லாத தலை இரு திறத்தார்க்கும் பகை! காட்டிக் கொடுத்தவன் என்று செந்தொப்பியர் அடித்தனர். எதிரி என்று கருந்தொப்பியர் அடித்தனர். முழங்காலில் வீழ்ந்தான், முகத்தில் மிதித்தனர், குருதி கக்கினான். தன்னவரையும் பிறரையும் ஒருங்கே அறைந்து பிளந்துகொண்டு மேனெகோ வந்தான். மிதிபட்டுக் கிடந்தவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான், தலைக்குமேல் உயர்த்தினான், வழக்கப்படி உயிர் காக்கும் நீரை நோக்கி வீசினான்.

கீழே நீர் இல்லை. மோதல் தொடங்கியபோது ஏறியிருந்த கடல் ஓதம் இதற்குள் வடிந்து, கணுக்கால் அளவுச் சேற்றில் பாலத்தின் அடிக்கற்கள் வெளியே தெரிந்தன. மேலிருந்த ஓர்சொலா அதைக் கண்டாள், கண்டு அலறினாள், அந்த ஆரவாரத்தில் அவள் குரல் எவர் செவியிலும் விழவில்லை. விடியுமுன் ஓதம் பார்த்தே நாள்தோறும் படகு தள்ளியவன் மேனெகோ. அன்றைக்கும் பார்த்திருந்தான். அந்த ஒரு நொடியில் மறந்துபோனான்.

கழுத்து முறிந்த பொர்த்தோலோவைத் தோளில் சுமந்து வந்து கட்டிலில் கிடத்தியபோது, "தண்ணி இருக்கும்னு நெனச்சேன் ஓர்சொலா, தண்ணி இருக்கும்னு" என்பதன்றி மேனெகோவின் வாயில் வேறு சொல்லில்லை. ஓர்சொலா அவனை அறைந்தாள். மீண்டும் மீண்டும் அறைந்தாள். அவன் முகத்தைத் திருப்பவில்லை.

"மாப்ளய அடிக்காத புள்ள" என்றான் பொர்த்தோலோ, மூச்சு இழைய. "காப்பாத்தத்தான் தூக்குனாரு." விளக்கேற்றும் வேளையில் அவன் உயிர் பிரிந்தது.

அதே வேளையில் வாசலில் பறை அதிர்ந்தது. பாலம் கருந்தொப்பியர்க்கே என்று ஆகிவிட்டதாம்! தீவட்டியும் மதுக்குடமும் ஏந்தி வந்தவர் கதவை இடித்தனர்.

"தலைவரே, வெளிய வாங்க! அந்தப் பயல அலேக்காத் தூக்கி எறிஞ்சீங்களே, அந்தக் கைக்கு ஒரு முத்தம் குடுக்கணும்!"

ஓர்சொலா கதவைத் திறந்தாள். அழுது வீங்கிய அவள் முகத்தைக் கண்டு ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். "அக்காவப் பாருங்கடா! பொறந்த வீட்டுப் பக்கம் தோத்துப்போச்சுன்னு அழுவுறாங்க!"

கூட்டம் முழுவதும் சிரித்தது. ஓர்சொலா கதவின் மற்றொரு பாதியையும் விரியத் திறந்தாள்.

"ஆமாய்யா. எனக்குப் பொறந்த வீடுன்னு இருந்தது அது ஒண்ணுதான். உள்ள கெடக்கு. எல்லாரும் வந்து பாத்துட்டுப் போங்க."

பறை நின்றது. தொப்பியைக் கழற்றி ஒருவர்பின் ஒருவராய் உள்ளே வந்தனர். இறந்தவன் காலடியில் தலைகவிழ்ந்து அமர்ந்திருந்த தலைவனைக் கண்டு, முத்தமிட வந்த கையைத் தொட எவரும் துணியவில்லை. அடுத்த ஞாயிறு செந்தொப்பியர் பாலத்தை மீட்டுக்கொண்டனர்; அதற்கடுத்த ஞாயிறு கருந்தொப்பியர் வென்றனர் என்கிறார்கள். வென்றது யார் என்பதை நான் எண்ணி வைக்கவில்லை, அன்பர்களே. மேனெகோ அதன்பின் பாலமேறவில்லை. ஓர்சொலா அவனை விட்டு நீங்கவுமில்லை, முதுமை வந்து சேரும்வரை அவன் கைபட்ட உணவை உண்ணவுமில்லை.