கேஸுக்காகப் படுத்த அம்மா

என் அம்மா காத்தாயிக்குத் தொடை எலும்பு உடைந்த ஆறாம் நாள்தான் எனக்குச் சேதி வந்தது. நான் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில், எலும்பு வார்டில் நர்ஸ். எங்கள் ஊரில் யாருக்குக் கை பிசகினாலும் பஸ் ஏறி என்னைத் தேடி வந்துவிடுவார்கள். என்னைப் பெற்றவளுக்கு உடைந்தபோது மட்டும் ஊரே வாயை மூடிக்கொண்டது. சொன்னால் நான் வந்து ஆபரேஷனுக்கு அழைத்துப் போய்விடுவேனாம். அழைத்துப் போனால் கேஸ் போய்விடுமாம்.

கேஸ் இதுதான். நன்னிலத்துக்குத் தெற்கே, பண்ணை நிலத்தில்தான் எங்கள் தெரு முழுக்க இருக்கிறது. குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்து மூன்று வருடமாகிறது. தெருவில் மற்றவர்கள் பெயரெல்லாம் எழுதியாகிவிட்டது. அம்மாவின் குடிசை மட்டும் தெருவைத் தாண்டி, வாய்க்கால் ஓரமாகத் தனியே நின்றது. அது வீடே இல்லை, வைக்கோல் போடுகிற பண்ணைக் கொட்டகை என்று எழுதிக் கொடுத்துவிட்டார் பண்ணைக் காரியஸ்தர் குஞ்சிதபாதம். நான் பிறந்தது அந்த வைக்கோல் கொட்டகையில்தான். தாசில்தார் ஒருநாள் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதாக இருந்தது.

அதற்குள் முந்திக்கொண்டு, ஆட்களோடு வந்து குடிசையைச் சுற்றி மூங்கில் முளை அடிக்க ஆரம்பித்தார் குஞ்சிதபாதம். அம்மா ஒரு முளையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். அவர் வெடுக்கென்று இழுத்தார். அம்மா பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடம் சேறு. கல் இல்லை, கட்டை இல்லை, உடம்பில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. ஆனால் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா மல்லாந்து கிடந்தாள். காலை இழுத்துப் பிடிக்கப் பட்டை ஒட்டி, கயிறு கட்டி, கட்டில் முனையில் இரண்டு செங்கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். நெஞ்சில் சளி கரகரத்தது. மெல்ல ஒருக்களித்துப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து ஈரமாக இருந்தது. இரண்டு நாளில் அது புண்ணாகும். இப்படியே படுத்துக் கிடந்து, எலும்பு உடைந்ததால் அல்லாமல் சளியாலும் புண்ணாலும் செத்துப்போனவர்களுக்கு என் கையால் துணி போர்த்தியிருக்கிறேன். என் அம்மாவுக்கு வயது அறுபத்திரண்டுதான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தங்கையன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் ஊர்ச் செயலாளர், அம்மாவைச் சின்னம்மா என்று கூப்பிடுகிறவர். நல்ல மனிதர், கூலி உயர்வுக்காக மூன்று முறை ஜெயிலுக்குப் போனவர். அதனாலேயே எனக்குக் கோபம் இரண்டு பங்காக வந்தது.

“எத்தனை நாளா இப்படிப் போட்டு வெச்சிருக்கீங்க அண்ணே?”

“ஆறு நாளு தங்கச்சி. அன்னிக்கே தஞ்சாவூருக்கு எழுதித் தரேன்னாரு டாக்டரு. சின்னம்மாதான் வேணாம்னுச்சு.”

“அதுவா வேணாம்னுச்சா, நீங்க சொல்லச் சொன்னீங்களா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “இருவது நாளு பெட்டுல கெடந்தாத்தான் தங்கச்சி கேஸு நிக்கும். அப்பதான் கொடுங்காயம்னு எழுதுவான்.”

“எலும்பு ஒடஞ்சாலே கொடுங்காயந்தான். எக்ஸ்ரே இருக்கு. இருவது நாளு எதுக்கு?”

“எக்ஸ்ரேய யாரு பாக்குறா? ஆளு கெடக்குறதத்தான் பாப்பாங்க. ஆர்.டி.ஓ. விசாரணைக்கு வரப்ப சின்னம்மா எந்திரிச்சு நடந்துக்கிட்டு இருந்தா என்னாவறது?”

ஆஸ்பத்திரியில் கிடந்தால் கேஸுக்குப் பலம் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். வரப்புச் சண்டை முடிந்ததும் அடித்தவன்தான் முதலில் ஓடிப்போய்க் கட்டில் பிடிப்பான். எதிரே ஆண்கள் வார்டில் குஞ்சிதபாதமும் படுத்திருந்தார். அம்மா முளையால் அவர் மண்டையில் அடித்துவிட்டாளாம். தலையைச் சுற்றிப் பெரிய கட்டு. அந்தக் கட்டோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், வராந்தாவில் என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

“ஏம்மா, நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. நான் மூங்கிலத்தான் இழுத்தேன். அவ மேல கை படல. தானா உக்காந்தா, தானா ஒடஞ்சுது. இத்துப்போன எலும்புக்கு நானா பொறுப்பு?”

அவர் சொன்னதில் பாதி உண்மை. நின்ற உயரத்திலிருந்து சேற்றில் உட்கார்ந்தால் திடமான எலும்பு உடையாது. இரண்டு வருடத்துக்கு முன் அம்மா வாய்க்கால் படியில் வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு உடைந்தது. ஊர்க் கட்டுக்காரர் உளுந்து மாவும் முட்டையும் பூசி மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். அப்போது நான் என்ன செய்தேன்? “பாத்து நடக்கக் கூடாதாம்மா” என்று திட்டிவிட்டு டியூட்டிக்குத் திரும்பினேன். எலும்பு வார்டு நர்ஸ் நான்! சின்ன விழுதலில் மணிக்கட்டு உடைந்த பெண்ணுக்கு அடுத்தது இடுப்பாக இருக்கலாம், உடனே கவனிக்க வேண்டும் என்று வார்டில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். அதெல்லாம் மற்றவர்களின் அம்மாக்களுக்கு என்று நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. வராந்தாவை விட்டு நகர்ந்தேன். அங்கேயே நின்றிருந்தால் குஞ்சிதபாதத்துக்குத் தலைக்கட்டு நிஜமாகவே தேவைப்பட்டிருக்கும்.

திரும்பி வந்து அம்மாவிடம் தஞ்சாவூருக்குக் கிளம்பலாம் என்றேன்.

“வேணாம்டி அம்சம். கெடந்தா வீடு கெடைக்கும்னு தங்கையன் சொல்லுது. கெடந்துட்டுப் போறேன். ஒனக்கும் ஒந் தம்பிக்கும் அந்த எடம் ஒண்ணுதான் இருக்கு.”

“இப்ப வீட்ட யாரு பாத்துக்கிறா?”

அம்மா தங்கையனைப் பார்த்தாள். தங்கையன் கூரையைப் பார்த்தார்.

நான் வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். முளையெல்லாம் அடித்து முடித்து, வாசலில் படல் வைத்துக் கட்டியாயிற்று. உள்ளே பத்துக் கட்டு வைக்கோலும் அடுக்கியாயிற்று. தம்பி ஈரோட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனவன், அவனுக்கும் யாரும் சொல்லவில்லை.

“தாசில்தாரு இங்க வந்து இந்தக் கட்டிலுக்கா பட்டா குடுப்பாரு அண்ணே? ஆளு இருக்குற வீட்டுக்குத்தான் குடுப்பாரு. நீங்க ஆள இங்க படுக்க வெச்சிட்டீங்க. அவன் அங்க வைக்கோல அடுக்கிட்டான். அவன் எதுக்கு இட்லி தின்னுக்கிட்டு சந்தோசமா படுத்திருக்கான்னு இப்பவாச்சும் புரியுதா?”

அம்மா கட்டில் முனையில் தொங்கிய செங்கல்லைப் பார்த்தாள்.

“ஆபரேசன் பண்ணுனா நிக்கலாமா?”

“மறுநாளே நிக்க வெப்பேன். வலிக்கும்.”

“இப்ப மட்டும் இனிக்குதாக்கும்” என்றாள் அம்மா.

அன்று சாயங்காலமே தஞ்சாவூர். எங்கள் வார்டு டாக்டர் ஜெய்னுலாபுதீன் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. அதோடு விடாமல் நெஞ்சையும் முதுகையும் படம் எடுக்கச் சொன்னார். பிறகு அம்மாவின் கட்டிலுக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கூன் எப்பலேந்து விழுந்துச்சும்மா?”

“அது நடவு முதுகுங்க. எங்க தெருவுல பொம்பளைங்க எல்லாத்துக்கும் உண்டு.”

“நடவு நட்டா முதுகு வலிக்கும். முதுகெலும்பு நசுங்காது. உங்களுக்கு மூணு எலும்பு நசுங்கியிருக்கு. ஒரு வலியும் தெரியலியா?”

“வலிச்சுது. வலிக்குதுன்னா வேலைக்கு யாரு கூப்புடுவா?”

“எத்தனை புள்ளைங்க?”

“பெத்தது எட்டு. தங்குனது ரெண்டு. முப்பத்தெட்டு வயசுலயே தீட்டு நின்னுபோச்சுங்க.”

“பால் குடிக்கிற வழக்கம் உண்டா?”

அம்மா சிரித்தாள். அந்த நிலைமையிலும் சிரித்தாள். “கறந்திருக்கேன் டாக்டரு. இருவது வருசம் பண்ணை மாடு அத்தனையும் நான்தான் கறந்தேன். குடிச்சதில்ல.”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எட்டுப் பிள்ளைகளுக்கும் எலும்பு கட்டியது இவள் எலும்பிலிருந்துதான். அதை ஈடுகட்ட ஒரு டம்ளர் பால், ஒரு உருண்டை கேழ்வரகுக் களி, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் தின்று மிஞ்சிய நீராகாரத்தைக் குடித்துவிட்டு, பசியை அடக்கப் புகையிலையை அதக்கிக்கொள்வாள். ஒரு மனுஷி உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்கிக்கொண்டிருந்தாள், அதற்கு நாங்கள் செல்லமாக நடவு முதுகு என்று பெயர் வைத்துக் கூப்பிட்டோம். வயசானால் அப்படித்தான் என்று சொல்லுகிறவர்கள் யாராவது அப்போது என் கண்ணில் பட்டிருந்தால் நடந்திருப்பது வேறு.

எட்டாம் நாள் ஆபரேஷன் நடந்தது. முறிந்த எலும்பின் உருண்டைத் தலையை எடுத்துவிட்டு இரும்புக் குண்டு வைத்தார்கள். மறுநாள் காலையில் நான் அம்மாவை நிற்க வைத்தேன். அவள் என் கையைக் கிள்ளி ரத்தம் வர வைத்தாள். கேட்கக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் “பெத்தவள இப்படியா படுத்துவா” என்று என்னைப் பேசினார்கள். நான் விடவில்லை. முதல்நாள் பத்து எண்ணும்வரை, அடுத்தநாள் ஜன்னல்வரை, பத்தாம் நாள் நாலுகால் வைத்த நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வராந்தா முழுக்க. சளி இறங்கியது, இடுப்புத் தோல் காய்ந்தது. புகையிலைப் பொட்டலத்தைத் தலையணைக்குள்ளிருந்து எடுத்து எறிந்தேன். அதற்கும் திட்டினாள்.

இதற்கிடையில் விசாரணை நடந்து முடிந்தது. எலும்பு தேய்ந்திருந்ததால் தானாக ஏற்பட்ட முறிவு என்று எழுதிக் கேஸை மூடிவிட்டார்கள். தானாக! வானத்திலிருந்து தானாக மழை விழுந்ததுபோல எழுதினார்கள். குஞ்சிதபாதம் அன்றே தலைக்கட்டைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனாராம்.

மூன்று வாரம் கழித்து, தாசில்தார் வருகிற தேதி தெரிந்ததும், அதற்கு முந்தின நாளே அம்மாவைக் காரில் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். தங்கையன் அண்ணன் அரிவாளோடு காத்திருந்தார். “கேஸு போச்சே, கேஸு போச்சே” என்று புலம்பிக்கொண்டே படலை அறுத்தார், முளையைப் பிடுங்கினார், வைக்கோலைத் தூக்கி வெளியே எறிந்தார். நான் சொன்னபடி வாசற்படி மேட்டை வெட்டிச் சமமாக்கி, பிடித்துக்கொள்ளச் சுவரோரம் ஒரு மூங்கிலும் கட்டிக் கொடுத்தார்.

தெருப் பெண்கள் பார்க்க வந்தார்கள். ராசம்மாள் அக்கா மூக்கில் விரலை வைத்தாள். “எந்திரிச்சு நடந்து இப்படி அவனுக்கு ஜெயிச்சுக் குடுத்துட்டியே காத்தாயி.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, அந்தச் சுவத்துல முதுக ஒட்டி நில்லுங்க. நேரா பாருங்க. பின்னந்தல சுவத்துல படுதா?” என்றேன். படவில்லை. நாலு விரற்கடை தள்ளி நின்றது தலை. வந்த ஏழு பேரையும் ஒவ்வொருவராக நிற்க வைத்தேன். ஐந்து பேருக்குப் படவில்லை. நடவு முதுகு என்று சிரித்தார்கள். “சிரிக்காதீங்க. அத்தன பேரும் ஆஸ்பத்திரிக்கு வாங்க, படம் எடுக்கணும். நாளைலேந்து பால் கறந்தா ஒரு டம்ளர் நீங்க குடிச்சிட்டு மிச்சத்தக் குடுங்க” என்று கத்தினேன். கத்தியது பக்கத்துத் தெருவுக்கே கேட்டிருக்கும்.

மறுநாள் பத்து மணிக்கு ஜீப் வந்தது. தாசில்தாருக்கு முன்னாலேயே குஞ்சிதபாதம் இறங்கினார். குடிசையில் படலும் வைக்கோலும் இல்லாததையும், அம்மா வாசலில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்ததும் அவர் முகம் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் விடவில்லை.

“சார், இது ஆள் இல்லாத கொட்டகைன்னு எழுதியே குடுத்திருக்கோம். இந்தப் பொம்பள தஞ்சாவூர்ல மக வீட்டுல கெடக்குறவ. இன்னிக்குன்னு கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க. எலும்பெல்லாம் இத்துப்போச்சு சார், விசாரணையிலயே எழுதியாச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு? இதுக்கு ஒரு பட்டாவா?”

நான் வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

“இத்துத்தான் போச்சு சாமி. அவரு சொல்றது நெசந்தான். எங்க போயி இத்துச்சுன்னு அவரக் கேளுங்க. பன்னண்டு வயசுலேந்து இவுங்க வயல்ல நட்டேன். இவுங்க மாட்டக் கறந்து இவுங்க வாசல்ல கொண்டுபோய் வெச்சேன். என் எலும்புல இருந்ததெல்லாம் அவுங்களுக்குப் போயிடுச்சு. இந்த எடமாவது எனக்கு இருக்கட்டும்.”

தாசில்தார் உள்ளே எட்டிப் பார்த்தார். அடுப்பையும் தண்ணீர்ப் பானையையும் சுவரில் தொங்கிய துணியையும் பார்த்தார். குஞ்சிதபாதத்தின் பக்கம் திரும்பாமலே பேரேட்டைத் திறந்து, காத்தாயி என்று எழுதினார். கைரேகை வாங்க ஆள் வந்தபோது ராசம்மாள் அக்கா ஓடிப்போய் ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டாள்.

“உக்காந்துக்கம்மா, உக்காந்தே வெய்யி” என்றார் தாசில்தார்.

“வேணாம் சாமி” என்றாள் அம்மா. “அன்னிக்கு என்ன உக்கார வெச்சது அவருதான். நான் நின்னுக்கிட்டே வெக்கிறேன்.”